பன்னிரண்டு துண்டு வளையமும் ஒரு பொட்டு வெளிச்சமும்

வில்வாகுளத்துத் தச்சர்கள் மூன்று பேரும் நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். சிக்கல் முழுவதும் அதில்தான் இருந்தது.

மூத்தவன் இசக்கியப்பன், எதற்கும் தீர்ப்புச் சொல்கிறவன். நடுவுள்ளவன் குத்தாலம், தீர்ப்பு வந்தபிறகு யோசிக்கிறவன். இளையவன் தவசிமுத்து, அந்த இரண்டு பேரையும் நம்புகிறவன். மூத்தவன் பெண்டாட்டி மாடத்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவள் பட்டறைக்கும் அடுப்படிக்கும் நடுவே நின்றுகொண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை சொல்வாள்.

தவசிமுத்துக்கு ஒரே ஒரு ஆசை. தெற்குமேட்டில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் மகராஜன் அவனுக்குத் தாய்மாமன் முறை. அவர் மகள் ஆவுடைத்தங்கத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆவுடைத்தங்கத்துக்கும் சம்மதம்தான். "அவன்கிட்ட அப்படி என்னத்தட்டி கண்டுட்ட?" என்று தோழிமார் கேட்டதற்கு, "சொன்னதைச் சொன்னபடி செய்யுற ஆம்பளை நம்ம பக்கத்துல வேற யாரு இருக்கா, காட்டுங்க பாப்போம்" என்றாளாம். தோழிமார் தங்கள் வீட்டுக்காரர்களை ஒருதரம் நினைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் மகராஜன் மாமா லேசில் இளகுகிற ஆள் இல்லை. தவசிமுத்துவை எதிரே நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"முழுக்கட்டையில பெரிய கிண்ணம் கடைஞ்சா வெடிச்சுப் போகுதுடே. துண்டு துண்டா வெட்டி, வளையமா ஒட்டி, வளையத்து மேல வளையம் அடுக்கிக் கடையணும். கடையுறது என் பாடு. வளையம் ஒட்டித் தர எனக்கு ஒரு ஆள் வேணும். மருமகனா வாறவன் அதைச் செய்யணும்."

"செய்யுதேன் மாமா."

"வார வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு துண்டுல ஒரு வளையம் ஒட்டிக் கொண்டா. சூரியனுக்கு நேரா தூக்கிப் பிடிப்பேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிஞ்சுதோ, அப்படியே திரும்பிப் போயிரு. பொண்ணுங்கிற பேச்சே அப்புறம் கிடையாது."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

வில்வாகுளத்துப் பட்டறையில் ஒரு ரம்ப மேசை உண்டு. இரும்பு மேசை. நடுவே இருக்கிற பிளவில் வட்ட ரம்பம் பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். மரத்தைக் கையால் பிடித்து அதில் தள்ளினால் பன்னிரண்டு துண்டும் பன்னிரண்டு சாய்வில்தான் வரும் என்று ஆவுடைத்தங்கத்துக்குத் தெரியும். அன்றைக்கே தவசிமுத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். நான்கு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

"அத்தான், ஒரு சறுக்குப் பலகை செய்யுங்க. நல்ல பிளைவுட்டா எடுத்து, அடியில ஒரு சட்டம் அடிங்க. மெஷின் மேசையில நீளமா ஒரு பள்ளம் இருக்குல்லா, சட்டம் அதுல போய் உட்காரணும். பலகைக்கு மேல சாய்வா ஒரு தடுப்புக் கட்டை வைங்க. மரத்தைத் தடுப்புல சாத்திப் பலகையோட தள்ளினா, எல்லாத் துண்டும் ஒரே சாய்வுல வெட்டுப்படும். பலகை மட்டும் ஆடவே கூடாது. சொல்லிட்டேன்."

"ஆடக் கூடாது" என்றான் இசக்கியப்பன். "எல்லாரும் கேட்டியளா?"

எல்லாரும் கேட்டிருந்தார்கள். பலகை செய்தார்கள். அடியில் சட்டம் அடித்தார்கள். மேசைப் பள்ளத்தில் பொருத்தினார்கள். பிறகு நாலு மூலையிலும் துளை போட்டு, மேசையோடு சேர்த்துப் போல்ட் விட்டு முடுக்கினார்கள். குத்தாலம் பலகைமேல் ஏறிக் குதித்துப் பார்த்தான். ஆடவில்லை.

தவசிமுத்து மரத்தைத் தடுப்பில் சாத்தினான். தள்ளினான். இன்னொரு தடவை தள்ளினான்.

"அண்ணேன், போகமாட்டேங்குது."

நால்வரும் மேசையைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"மரம் ரம்பத்துகிட்ட போகலை. உண்மைதான்" என்றான் இசக்கியப்பன். "ரம்பம் மரத்துகிட்ட போனா யாரு வேண்டாம்னா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தைத் தூணில் சேர்த்துக் கட்டினார்கள். மாடத்தி சுவிட்சைப் போட்டாள். அண்ணன் தம்பி மூன்று பேரும் மேசைக்குப் பின்னால் நின்று, தேர் தள்ளுகிற மாதிரி தம் பிடித்துத் தள்ளினார்கள். ரம்பம் உறுமிக்கொண்டே புறப்பட்டது. தூணுக்கு ஒரு முழம் இருக்கும்போது வயரின் நீளம் தீர்ந்து, சுவரில் சொருகியிருந்த பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ரம்பம் உறுமலை விட்டு, முனகி, மெல்ல வந்து மரத்தைத் தொட்டு நின்றது.

"பாத்தியளா, மரம் எம்புட்டு உறுதின்னு" என்றான் குத்தாலம். "தொட்ட உடனே ரம்பமே நின்னுபோச்சு."

தவசிமுத்து நடந்ததை நடந்தபடியே ஆவுடைத்தங்கத்துக்குச் சொன்னான். அந்தப் பக்கமிருந்து, "பலகை பக்கவாட்டுலதான் ஆடக் கூடாது அத்தான். முன்னாலயும் பின்னாலயும் தாராளமா ஓடணும்" என்று வந்தது.

"தாராளமா" என்றான் இசக்கியப்பன். "மாடத்தி, தேங்காண்ணெய் எடுத்துட்டு வா."

போல்ட்டைக் கழற்றிவிட்டு, அரைப் புட்டி எண்ணெயை மேசைக்கும் பலகைக்கும் பூசினார்கள். ரம்பத்தை ஓடவிடாமல், கீழே இறக்கி வைத்துவிட்டு, வெள்ளோட்டம் பார்த்தார்கள். அந்த மட்டுக்கும் அவர்களைப் பாராட்ட வேண்டும். இசக்கியப்பன் கை வைத்ததுதான் தெரியும். பலகை மேசையைக் கடந்து, வாசலைக் கடந்து, தெருவையும் கடந்து, எதிர்வீட்டுக் கழனித் தொட்டிக்குள் போய் விழுந்தது. அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எருமை தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்துவிட்டு, பலகையை ஒருதரம் நக்கிப் பார்த்தது.

"ஓடுது" என்றான் குத்தாலம் திருப்தியாக.

செவ்வாய்க்கிழமை அதோடு தீர்ந்தது.

புதன்கிழமை சாய்வு வைக்கிற வேலை. "தடுப்பு பதினஞ்சு டிகிரியில நிக்கணும் அத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு முனையிலயும் அதே சாய்வு. கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். பாகைமானியை வைத்துத் தவசிமுத்து கோடு போட்டான். சரியான கோடு. அதில் குற்றம் சொல்ல முடியாது.

"இனி மயிரிழை" என்றான் இசக்கியப்பன். "யாரு மயிர்?"

இசக்கியப்பனுக்கு வழுக்கை. குத்தாலத்துக்குச் சுருட்டை. "இது ஒரு நிலையில நிக்காது. இழுத்தா ஒரு அளவு, விட்டா ஒரு அளவு" என்று தள்ளிவிட்டார்கள். தவசிமுத்து தலையில் எண்ணெய். கடைசியில் மாடத்தி தன் சீப்பிலிருந்து ஒரு நீள முடியை எடுத்துக் கொடுத்தாள்.

தடுப்புக்கும் கோட்டுக்கும் நடுவே முடியை வைத்துப் பார்த்தார்கள். முடி நுழைந்தது. விலகியிருக்கிறது! சுத்தியலால் இந்தப் பக்கம் ஒரு தட்டு. இப்போது மறுபக்கம் நுழைந்தது. அந்தப் பக்கம் ஒரு தட்டு. இப்படியே மத்தியானம்வரை தட்டினார்கள். தவசிமுத்துக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை தட்டு இருக்கிறதோ?

அப்போதுதான் குத்தாலம் யோசித்தான். "ஒரு மயிரிழை விலகக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கா? ரெண்டு இழை விலகினா?"

மெசேஜைத் திரும்பவும் போட்டுக் கேட்டார்கள். இரண்டு இழையைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை.

"எதுக்கு ரெண்டோட நிப்பாட்டணும்? சந்தேகமே இல்லாம வச்சிருவோம்" என்று மாடத்தி தன் சடையை முன்னால் எடுத்துப் போட்டாள். "சடை விலகக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லவே இல்லையே."

ஆகவே தடுப்புக் கட்டை ஒரு முனையில் மட்டும் கோட்டிலிருந்து மாடத்தியின் சடை அகலத்துக்கு விலகி, நாலு திருகாணியில் உறுதியாக நின்றது. பன்னிரண்டு துண்டு வெட்டினார்கள். தரையில் வட்டமாக அடுக்கினார்கள். முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் நடுவே ஒரு ஆள் கால் வைத்து நிற்கலாம். குத்தாலம் நின்றும் காட்டினான்.

"வளையம் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கே அண்ணேன்" என்றான் தவசிமுத்து.

இசக்கியப்பன் குனிந்து உட்கார்ந்து, அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்தான். "பயப்படாதே. புதுசா சேர்ந்த சொந்தமில்லா? ஒண்ணுக்கொண்ணு கூச்சம். நாம சுத்தி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எப்படி நெருங்கும்? வாங்க, வெளிய போவோம்."

நான்கு பேரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். ஒரு மணி நேரம் கழித்து இருமிவிட்டு உள்ளே வந்தார்கள். இடைவெளி அப்படியே இருந்தது.

"ரொம்பக் கூச்சம்போல" என்றாள் மாடத்தி.

தவசிமுத்து அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான். பெண் கைவிட்டுப் போய்விடும் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. அவனுக்கு ஒன்று தெரிகிறதென்றால் விஷயம் ரொம்ப முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை காலையில் ஆவுடைத்தங்கம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அப்பாவிடம் துணி தைக்கக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். பலகையைப் பார்த்தாள். சடைக் கணக்கைக் கேட்டாள். மாடத்தியின் சடையையும் ஒருதரம் பார்த்தாள். திருகாணியைக் கழற்றி, தடுப்பைக் கோட்டில் வைத்து முடுக்கினாள்.

"வெட்டப் போறது நீங்கதான் அத்தான். எங்க அப்பா கேட்டது உங்க கை வேலையை. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க. பலகையைத் தள்ளுங்க."

தவசிமுத்து தள்ளினான். துண்டு அழகாக வெட்டுப்பட்டு விழுந்தது. அவன் தள்ளிக்கொண்டே போனான். பலகை மேசையைத் தாண்டியது. அதைச் சுமந்துகொண்டு பட்டறையின் மறுகோடிச் சுவர்வரை போய், சுவரையும் தள்ளிக்கொண்டு நின்றான்.

"அத்தான்! என்ன செய்யுதிய?"

"நிறுத்துங்கன்னு நீ சொல்லலையே தங்கம்."

அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பேசினாள். தள்ளுங்க. நிறுத்துங்க. இழுங்க. துண்டை எடுங்க. கீழ வைங்க. கைய விடுங்க. அரை மணி நேரத்தில் பன்னிரண்டு துண்டும் முடிந்தன. ஒட்டினார்கள். சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கினார்கள். வளையம் வாயை மூடிக்கொண்டது. ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை. இப்படி ஒன்றை வில்வாகுளம் அதுவரை பார்த்ததில்லை.

"இனி பயமில்லை" என்றாள் ஆவுடைத்தங்கம். "பசை காயுற வரைக்கும் எதையும் தொடாதீங்க." அப்படிச் சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள்.

நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அடுப்பில் உலை கொதித்தது. பிறகு பொங்கியது. அதற்கும் பிறகு கருகல் வாடை வந்தது.

"ஏட்டி, சோறு தீயுது" என்றான் இசக்கியப்பன்.

"எனக்குந்தான் மூக்கு இருக்கு. எப்படி இறக்க? எதையும் தொடக் கூடாதுன்னுல்லா சொல்லிட்டுப் போயிருக்கா."

"பானையும் எதையுங்கிறதுல சேருமோ?" என்று கேட்டான் குத்தாலம்.

"சேரும்" என்றான் இசக்கியப்பன். "பானை மட்டும் என்ன, தனிச் சாதியா?"

போன் அடித்தது. திரையில் ஆவுடைத்தங்கம் பெயர் வந்தது. நான்கு பேரும் அதை ஆசையோடு எட்டிப் பார்த்தார்கள். ஆறு தடவை அடித்து ஓய்ந்தது. தவசிமுத்துக்கு மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கட்டின கையை அவன் எடுக்கவில்லை. காதல் என்றால் சும்மாவா?

சாயங்காலம் மாடத்தியின் விடைக்கோழி ஒன்று வளையத்தின்மேல் ஏறி நின்று, நாலு எட்டு நடந்து, கால் ஒட்டிக்கொள்ளாமல் இறங்கிப் போனது. பசை காய்ந்துவிட்டது என்று அப்போதுதான் எல்லாரும் கையை எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுமுன் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது என்று குத்தாலத்துக்குத் தோன்றியது. வளையத்தில் ஒரு துண்டின்மேல் விரலை வைத்து எண்ணத் தொடங்கினான். பன்னிரண்டு வந்தது. அதற்கு அடுத்தும் ஒரு துண்டு இருந்தது. பதின்மூன்று என்றான். அதற்கும் அடுத்து ஒன்று இருந்தது. எண்ணிக்கொண்டே போனான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாடத்தி கத்தியபோது முந்நூற்று எண்பத்து நாலில் இருந்தான்.

"இன்னும் இருக்கு மதினி! முடியவே மாட்டேங்குது!"

"நாம வெட்டுனது பன்னெண்டுதானே அண்ணேன்?" என்றான் தவசிமுத்து.

"பசை ஊறியிருக்கும்" என்றான் இசக்கியப்பன். "விடு. மாமா கேட்டதைவிடக் கூடத்தானே குடுக்கோம். குறைஞ்சாத்தான் கோவிப்பாரு."

அத்தோடு புறப்பட்டிருக்கலாம். வெளிச்சத்தையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று தவசிமுத்து வாசலில் நின்று வளையத்தைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே மரத்துப்போனான்.

ஒட்டுகளில் ஒரு பொட்டும் தெரியவில்லை. நடுவில்தான்! ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதற்குள்ளே வானம் தெரிந்தது, மின்கம்பி தெரிந்தது, எதிர்வீட்டு எருமைகூடத் தெரிந்தது.

"அண்ணேன்! போச்சு! எல்லாம் போச்சு!"

இசக்கியப்பன் வந்து பார்த்தான். குத்தாலம் வந்து பார்த்தான். மாடத்தி அந்த ஓட்டைக்குள் கையை விட்டே பார்த்தாள்.

"எருமை தெரியுது" என்றான் இசக்கியப்பன் கனத்த குரலில். "பொட்டு தெரிஞ்சாலே பொண்ணு இல்லைன்னாரு. எருமை தெரிஞ்சா அடிப்பாரு."

மாடத்தி உள்ளே ஓடினாள். சப்பாத்திப் பலகையோடு வந்தாள். "இது எங்கம்மா வீட்டுச் சீதனம். கொழுந்தன் நல்லா இருந்தா அதுபோதும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தாள். வட்டமான பலகை. சுற்றிலும் கொஞ்சம் இழைத்து, பசை தடவி, நடுவே இறக்கினார்கள். கச்சிதமாக அடைத்துக்கொண்டது. தூக்கிப் பிடித்தால் இருட்டு. பஸ்ஸைப் பிடித்தார்கள்.

தெற்குமேட்டில் மகராஜன் மாமா பட்டறை வாசலுக்கு வந்து, அதை இரண்டு கையாலும் வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார்.

"இது என்னடே?"

"வளையம் மாமா" என்றான் தவசிமுத்து.

"வளையத்துக்கு நடுவுல ஓட்டைல்லாடே இருக்கும்?"

"இருந்துச்சு மாமா. காலையிலேயே அடைச்சாச்சு."

மாமா மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். அவர் அதைக் கொண்டுபோய்க் கடைசல் மெஷினில் மாட்டினார். மெஷின் சுற்ற, உளியை நடுவில் வைத்தார். சப்பாத்திப் பலகை தட்டாகக் கழன்று விழுந்தது. மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒவ்வொரு ஒட்டாகக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஒட்டு சுத்தமா இருக்குடே" என்றார். "என் சர்வீஸ்ல இப்படி நான் பாத்ததில்லை."

அதைத் தவசிமுத்து காதில் வாங்கவே இல்லை. அவன் கண் நடு ஓட்டையில் இருந்தது. அதற்குள்ளே சூரியன் முழுசாக உட்கார்ந்திருந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

ஆவுடைத்தங்கம் பின்னாலேயே ஓடிப்போய் மறித்தாள். "எங்க போறிய?"

"வெளிச்சம் தெரிஞ்சுபோச்சு தங்கம். தெரிஞ்சா திரும்பிப் போயிரணும்னு மாமா சொல்லியிருக்காரு. நீ நல்லா இரு."

அவள் அவனைப் பார்த்தாள். வளையம் என்றால் என்ன, ஓட்டை என்றால் என்ன, அப்பா எதைச் சொன்னார் என்று விளக்கத் தொடங்கினால், ஆடி போய் ஆவணி வந்துவிடும். ஒரு மூச்சு இழுத்துவிட்டாள்.

"அத்தான், கண்ணை மூடுங்க."

மூடினான்.

"இப்ப வெளிச்சம் தெரியுதா?"

"தெரியலையே."

"அப்போ வாங்க, கல்யாணம் பேசுவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நடந்ததைக் கேட்ட அண்ணன்மாரும் மதினியும் அந்த நிமிஷமே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். மாமா வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில், கண்ணைத் திறக்கலாம் என்று சொல்ல ஆவுடைத்தங்கம் மறந்துபோனாள்.

ஆவணியில் கல்யாணம். தாலி சரியான கழுத்தில்தான் ஏறியது. அவள் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கொண்டுவந்து தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். ஆனால் போட்டோக்காரருக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. பதினேழு தடவை எடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேரும் ஒன்றுபோலக் கண்ணை மூடியிருந்தார்கள்.

"சார், ஒரே ஒரு நிமிஷம் கண்ணைத் திறங்க சார்" என்று கெஞ்சினார்.

"உனக்கென்ன தம்பி, படம் எடுத்துட்டுப் போயிருவ" என்றான் இசக்கியப்பன், தூணைப் பார்த்து. "நாங்க திறந்தா கல்யாணம்லா நின்னுபோகும்?"

இதைக் கேட்டதும் பெண்வீட்டுப் பக்கம் ஒரு சலசலப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று பெண்ணின் அத்தைமார் மூன்று பேர் கண்ணை மூடினார்கள். பிறகு சித்தப்பாமார் மூடினார்கள். ஐயரும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டாவது படம்தான் கடைசியில் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதில் மண்டபமே தூங்குகிறது. நடுவில் மகராஜன் மாமா ஒருத்தர் மட்டும், இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு, ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவர் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறார்.